கிராபிக்ஸா, எழுத்தா, கதையா? (அல்லது) ஸ்பேஸ் பார் தட்டிச் செய்த பாவம்

புதுசா ஒரு கேம் ஆரம்பிச்சிருக்கேன் என்று எவனிடம் சொன்னாலும் வருகிற முதல் கேள்வி, "கிராபிக்ஸ் எப்படி மச்சி?" இரண்டாவது, "எத்தனை ஜிபி?" மூன்றாவது, "என் லேப்டாப்ல ஓடுமா?" கதை எப்படி என்று நான்காவதாகக்கூட யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சமீபகாலம் வரை என்னால் பதில் சொல்லியிருக்க முடியாது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. விட்சர் 3 விளையாட்டின் முக்கியமான கட்டம் ஒன்றைப் போட்டு உடைக்கப் போகிறேன். 2015-இல் வந்த கேம். இன்னும் விளையாடவில்லை, ஆனால் விளையாடுவேன் என்று இருப்பவர்கள் அடுத்த ஐந்து பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

ஆர்பிஜி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ரோல் பிளேயிங் கேம். கார் ரேஸ் மாதிரி வேகமாக விரலை ஆட்டினால் போதாது. ஒரு பாத்திரமாகவே நாம் வாழ வேண்டும். ஊர் ஊராகப் போய் ஆட்களிடம் பேசி, யாருக்கு உதவுவது, யாரைக் கைவிடுவது என்று நாமே முடிவெடுக்க வேண்டும். சண்டையும் உண்டு. ஆனால் பேச்சுதான் அதிகம்.

அந்தப் பேச்சில்தான் நான் கோட்டை விட்டேன்.

விட்சர் 3-இல் நாம் கெரால்ட் என்ற பேய்வேட்டைக்காரன். சிரி என்ற வளர்ப்பு மகளைத் தேடி அலைகிறோம். (பெயர்தான் சிரி, கதையில் சிரிப்பதற்கு ஒன்றும் கிடையாது.) வழியில் பிளடி பேரன் என்று ஒரு குடிகாரக் குறுநில மன்னன். மனைவியும் மகளும் வீட்டை விட்டுப் போய்விட்டார்கள், கண்டுபிடித்துக் கொடு என்கிறான். பேசுகிறான், பேசுகிறான், பேசிக்கொண்டே இருக்கிறான். எனக்கோ ஆங்கில சப்டைட்டில் ஓடுகிற வேகத்துக்குப் படிக்க வராது. என்ன செய்வோம்? எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஸ்பேஸ் பார். தட்டு, தட்டு, தட்டு. மேப்பில் புள்ளி வந்துவிடும், அங்கே போய் வெட்டினால் வேலை முடிந்தது.

நடுவில் ஒரு மரத்துக்கு அடியில் அடைபட்டிருந்த ஓர் ஆவி என்னவோ கேட்டது. விடுவிக்கவா, கொல்லவா என்று இரண்டு வரி வந்தது. விடுவித்தேன். யோசித்தெல்லாம் இல்லை, அந்த வரி மேலே இருந்தது.

பல மணி நேரம் கழித்து வேறு வேலையாகப் பேரனின் கோட்டைக்குத் திரும்பினால், முற்றத்து மரத்தில் அவன் தூக்கில் தொங்கிக்கொண்டிருக்கிறான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேமில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன்! பிறகு ஒரு சீனியரிடம் கேட்டபோது அவர் சிரித்துவிட்டுச் சொன்னார், "நீதான்டா காரணம்." அந்த ஆவியை விட்டதால் சில அநாதைக் குழந்தைகள் பிழைத்தார்கள். ஆனால் ஒரு கிராமமே அழிந்தது, பேரனின் மனைவியும் செத்தாள், அது தாங்காமல் அவனும் போய்விட்டான். கொன்றிருந்தால் குழந்தைகள் போயிருப்பார்கள், இவர்கள் பிழைத்திருப்பார்கள். எது சரி என்று இன்றுவரை உலகம் முழுக்க அடித்துக்கொள்கிறார்களாம். நான் அந்த முடிவை வரி மேலே இருந்தது என்பதற்காக எடுத்தேன்.

அன்றைக்குக் கேம் பிரமாதம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். என்ன பிரமாதம் என்று கேட்டிருந்தால் தண்ணீர், புல், சூரிய அஸ்தமனம் என்றிருப்பேன்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். கிராபிக்ஸ் பெரிதா கதை பெரிதா என்று சண்டை போடும்போது நாம் மூன்று பொருளை இரண்டாகக் குழப்பிக்கொள்கிறோம் என்று நினைக்கிறேன். கண்ணுக்குத் தெரிவது கிராபிக்ஸ். சொற்கள் எழுத்து. எதை எப்போது சொல்வது, எதை மறைப்பது, முடிவை யார் கையில் கொடுப்பது என்பது கதைசொல்லல். கடைசி இரண்டும் ஒன்று போலத் தெரியும். ஆனால் வேறு வேறு.

எங்கள் ஊரை வைத்தே சொல்லிவிடுகிறேன். செஞ்சிக்காரனுக்கு இதை விளக்க வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை.

ராஜகிரி மலை சுமார் 800 அடி. அடிவாரத்தில் கல்யாண மகால். உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு பெரிய பிளவு, அதன்மேல் பாலம். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி உள்ளே வர முடியாது. திருவண்ணாமலை ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணகிரி. பஸ்ஸில் போகிறவர்கள்கூட ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள். இது கிராபிக்ஸ். இதைவிடப் பெரிய கிராபிக்ஸ் கார்டு எவனிடமும் இல்லை.

ஆனால் மலை தானாகப் பேசாது. ஞாயிற்றுக்கிழமை வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் மூச்சிரைக்க ஏறி, போட்டோ எடுத்து, இறங்கிப் போய்விடுகிறார்கள். அவர்கள் ஸ்பேஸ் பார் தட்டிக்கொண்டே ஏறியவர்கள்.

எனக்கு அந்தக் கோட்டையைக் கோட்டையாக்கியது ஆயா. தேசிங்கு ராஜன் கதையை அவர் சொல்லித்தான் கேட்டேன். வரலாறு சுருக்கமானது: அப்பா சொரூப் சிங் 1714-இல் இறந்ததும் தேசிங்கு பொறுப்புக்கு வருகிறான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பாக்கிக் கப்பத்தைக் கேட்கிறார். இவன் தர முடியாது என்கிறான். அதே வருடம் அக்டோபரில் போரில் சாகிறான். வயது 22 என்கிறார்கள். மூன்று வரியில் முடிந்துவிட்டது. கதைப்பாடலில் அது ராத்திரி முழுக்க ஓடும். யாராலும் அடக்க முடியாத குதிரையை அடக்கியது, கல்யாணப் பந்தலில் உட்கார்ந்திருந்த நண்பன் மோவுத்துக்காரன் செய்தி கேட்டதும் எழுந்து போர்க்களத்துக்கு வந்தது எல்லாம் அதில் உண்டு. அந்தச் சொற்களின் அழகு எழுத்து.

கதைசொல்லல் எது தெரியுமா? அந்தக் கல்யாணப் பந்தல் இடம் வந்ததும் ஆயா நிறுத்திவிடுவார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு கேட்பார்: "தாலி கட்டிட்டுப் போயிருக்கலாமா, அப்படியே எழுந்து வந்தது சரியா? நீயா இருந்தா என்னடா பண்ணுவ?"

இரண்டு ஆப்ஷன்! மேலே எது, கீழே எது என்று கிடையாது. பதில் சொல்லாமல் கதை நகராது. தூங்கிவிட்டால் மறுநாள் மறுபடி முதலிலிருந்து. ஆயாவிடம் ஸ்கிப் பட்டன் இல்லை. கம்ப்யூட்டர் பார்ப்பதற்கு முன்னாலேயே நான் ஆர்பிஜி விளையாடியிருக்கிறேன் என்று இப்போதுதான் புரிகிறது.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு கேம்களைப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

எழுத்துக்கு எல்லாரும் முதலில் சொல்வது 1999-இல் வந்த பிளேன்ஸ்கேப்: டார்மென்ட். செத்தாலும் எழுந்துவிடுகிற ஒருவன் பிணவறையில் கண்விழிக்கிறான். ஒவ்வொரு சாவிலும் பழசு மறந்துபோகும். அவன் மறந்துவிட்டான், ஆனால் அவனால் பாதிக்கப்பட்டவர்கள் மறக்கவில்லை. இதுதான் கரு. சுமார் 8 லட்சம் சொற்கள். உருவங்கள் இன்று பார்த்தால் எறும்பு மாதிரி இருக்கும். ஒரு முகத்தில் தழும்பு இருக்கிறது என்றால் அதைப் படத்தில் காட்டுவதில்லை, நாலு வரியில் எழுதிவிடுகிறார்கள். அந்த நாலு வரி இன்றும் பழசாகவில்லை. அதே வருடத்தில் கிராபிக்ஸுக்காகக் கொண்டாடப்பட்ட கேம்களை இப்போது போட்டுப் பாருங்கள், கண் வலிக்கும்.

இன்னொன்று. மாரோவிண்ட் 2002-இல் வந்தது. அதில் ஒருவரிடம் வழி கேட்டால், "ஆற்றைத் தாண்டி இடதுபக்கம் போ, உடைந்த கோபுரம் வரும், அதற்குப் பின்னால்" என்கிற மாதிரி சொல்வார்கள். நாமே தேடிப் போக வேண்டும். அதே கம்பெனியின் ஸ்கைரிம் 2011-இல் வந்தது. மலையும் பனியும் அள்ளிக்கொண்டு போகும். ஆனால் போக வேண்டிய இடத்தின் மேல் ஓர் அம்புக்குறி மிதக்கிறது. யார் என்ன சொன்னார்கள் என்று கேட்கவே தேவையில்லை. ஊர் அழகானது, ஊர்க்காரர்களிடம் பேச வேண்டிய அவசியம் போனது.

இதனால் கிராபிக்ஸ் வீண் என்று நான் சொல்லவில்லை. பேரனின் கதையை இரண்டாம் முறை நிறுத்தி நிதானமாகப் பார்த்தபோது, குடித்துவிட்டு மனைவியை அடித்ததை ஒப்புக்கொள்ளும் இடத்தில் அவன் முகத்தையும் தோளையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் எழுதினாலும் அது வராது. 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3-இல் நடிகர்களின் உடலசைவையே பதிவு செய்து பாத்திரங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பொய் சொல்கிறவனின் கண்ணே காட்டிக்கொடுக்கிறது. அங்கே கிராபிக்ஸ் எழுத்துக்கு வேலை செய்கிறது. புல் ஆடுவதற்குச் செலவழிப்பதையும் இதையும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது. (காமர்ஸ் புத்தி!)

கதைசொல்லலுக்கு என் ஓட்டு அண்டர்டேல். 2015-இல் டோபி ஃபாக்ஸ் என்பவர் பெரும்பாலும் தனி ஆளாகச் செய்தது. படம் நம் அண்ணன்மார் டிவியில் கேசட் செருகி விளையாடிய கேம் தரம். வருகிற எதிரிகளில் ஒருவரையும் கொல்லாமலே முடிக்கலாம். ஒருவரைக் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல் பழைய சேவுக்குப் போய்த் திரும்ப வந்து காப்பாற்றினீர்கள் என்றால், நீங்கள் முன்னால் என்ன செய்தீர்கள் என்பது அந்தக் கேமுக்கு நினைவிருக்கிறது. சொல்லியும் காட்டுகிறது. எனக்கு முதுகு சில்லிட்டது. இது எழுத்தின் திறமை இல்லை, சொற்கள் மிகச் சாதாரணம். எப்போது சொல்வது என்று தெரிந்ததன் திறமை.

ஆக என் வரிசை: கதைசொல்லல், எழுத்து, கிராபிக்ஸ். இதோடு முடித்திருந்தால் இது ஆயிரம் பேர் எழுதிய விஷயம்தான். எனக்கு உறுத்துவது வேறு.

நம் பசங்க ஏன் முதலில் கிராபிக்ஸைக் கேட்கிறோம்? ரசனை மட்டம் என்று ஒரு சாரார் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இதே பசங்கதான் ஒரு படத்தில் லாஜிக் இடித்தால் இன்டர்வெல்லிலேயே கிழித்துத் தோரணம் கட்டுகிறார்கள். வசனம் எழுதியவர் பெயரைச் சொல்கிறார்கள். விடிய விடியக் கூத்து பார்த்த ஊர்க்காரர்களின் பேரன்கள். கதை தெரியாதவர்கள் இல்லை.

காரணம் மொழி. தமிழ் மீடியத்தில் பன்னிரண்டாவது முடித்தவனுக்கு 8 லட்சம் ஆங்கிலச் சொற்களில் புரிவது எது? படம் மட்டும்தான். கேமின் மூன்று பாகத்தில் இரண்டு பாகம் அவனுக்கு மூடியிருக்கிறது. திறந்திருக்கும் ஒரு பாகத்தை வைத்து மார்க் போடுகிறான். குருடன் யானை பார்த்த கதை என்று நாம் சிரிக்கிறோம். கண்ணைக் கட்டியது யார் என்று கேட்பதில்லை.

இது நமக்கு மட்டும் வந்த பிரச்சினையும் இல்லை. ஜப்பானில் 1986-இல் டிராகன் குவெஸ்ட் வந்தது. அதை வடிவமைத்த யூஜி ஹோரி, ஆங்கிலத்தில் இருந்த விசார்ட்ரி, அல்டிமா கேம்களில் மயங்கியவர். அந்த வகையைத் தன் நாட்டுச் சின்னப் பையனும் படித்து விளையாடும்படி ஜப்பானிய மொழியில் செய்தார். கேசட்டின் மொத்தக் கொள்ளளவு 64 கேபி. இடம் போதாமல் கடகனா எழுத்துகளில் சிலவற்றை மட்டும் வைத்து, அவற்றால் எழுத முடிகிற பெயர்களாகப் பார்த்துப் பார்த்துச் சூட்டினார்கள். கிராபிக்ஸ்? சதுர சதுரமாக இருக்கும். நாடே பைத்தியம் பிடித்து விளையாடியது.

அதைவிடச் சுவாரசியம், நான் பாவம் செய்த அதே விட்சரின் கதை. அதைச் செய்த சிடி ப்ராஜெக்ட், போலந்து நாட்டுக் கம்பெனி. 1994-இல் தொடங்கியபோது கேம் எல்லாம் செய்யவில்லை. வெளிநாட்டு கேம்களை வாங்கி விற்றார்கள். திருட்டு சிடி கொடிகட்டிப் பறந்த நாடு (எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா?). 1999-இல் ஒரு துணிச்சலான வேலை செய்தார்கள். பால்டர்ஸ் கேட் என்கிற ஆர்பிஜியை முழுக்கப் போலிஷ் மொழியில் மாற்றி, அந்நாட்டின் பிரபல நடிகர்களைக் குரல் கொடுக்கவைத்து, வரைபடமெல்லாம் வைத்துப் பெட்டியாக விற்றார்கள். முதல் நாளே 18,000 பிரதிகள் போனதாகச் சொல்வார்கள். பிறகு தங்கள் நாட்டு எழுத்தாளர் சப்கோவ்ஸ்கியின் கதைகளை எடுத்துக்கொண்டு சொந்தமாகக் கேம் செய்ய இறங்கினார்கள். 2007-இல் முதல் விட்சர். அடுத்த 8 வருடத்தில் விட்சர் 3. முதலில் மொழிபெயர்ப்பு, அப்புறம் சொந்தக் கதை. நான் ஸ்பேஸ் பார் தட்டித் தாண்டிய வரிகளுக்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறு.

நம் பக்கம் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. 2014-இல் இந்தியாவில் பைரோடாக்டைல் என்ற சின்னக் குழு அன்ரெஸ்ட் என்ற ஆர்பிஜியைச் செய்தது. பழைய இந்தியா மாதிரி ஒரு கற்பனை நாடு, பஞ்சம் வந்த நகரம். ராஜகுமாரியாகவும் வருவோம், ஏழைப் பெண்ணாகவும் வருவோம். சண்டையைவிடப் பேச்சுதான் ஆயுதம். எழுதியது ஆங்கிலத்தில். 2023-இல் கனடாவின் விசை கேம்ஸ் செய்த வெண்பா, புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை. 2024-இல் பாஃப்டாவின் அறிமுக கேம் விருது வாங்கியது. அது ஆர்பிஜி இல்லை. ஆனால் அம்மாவின் சமையல் குறிப்பை அரைகுறைத் தமிழோடு மகன் படிக்கத் திணறும் இடத்தில், மொழி தெரியாமல் போவது என்றால் என்ன என்று விளையாடுகிறவர் விரலுக்கே தெரிந்துவிடுகிறது. எனக்கு அது தலைகீழாக உறைத்தது. அவனுக்குத் தமிழ், எனக்கு ஆங்கிலம். இரண்டு பேரும் பாதி கிழிந்த பக்கத்தைத்தான் படிக்கிறோம்.

"இங்லீஷ் கத்துக்கோயேன்" என்பீர்கள். கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன், பேரன் புண்ணியத்தில். இரண்டாம் முறை டிக்‌ஷனரியோடு உட்கார்ந்து, வரிக்கு வரி நிறுத்திப் படித்தேன். ஆனால் அழ வேண்டிய இடத்தில் அர்த்தம் தேடிக்கொண்டிருந்தால் அழுகை வருமா?

"மார்க்கெட் இல்லை" என்பது அடுத்த பதில். இதைக் கொஞ்சம் மதிக்கிறேன். 8 லட்சம் சொற்களை ஒருவர் நாளைக்கு 2,000 வீதம் மொழிபெயர்த்தால் 400 நாள். அந்தச் சம்பளத்தைத் திருப்பி எடுக்க எத்தனை பேர் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று பார்த்தால் எந்தக் கம்பெனியும் தயங்கும். நானே முதலாளியாக இருந்தாலும் தயங்குவேன். அதனால்தான் பெரியவர்கள் வந்து செய்வார்கள் என்று காத்திருப்பது வீண் என்கிறேன். கிராபிக்ஸ் செய்யத்தான் கோடி கோடியாக வேண்டும். எழுத்துக்கும் கதைசொல்லலுக்கும் வேண்டியது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

தடை ஒன்று இருந்தது. பல கேம் மென்பொருள்களில் தமிழ் எழுத்து உடையும். "கொ" என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் ஓடும். 2023-இல் வந்த கோடோ 4-இல் நம் எழுத்து மாதிரியான சிக்கலான வரிவடிவங்களுக்கு வசதி செய்துவிட்டார்கள். அந்த மென்பொருள் இலவசம். ஆக அந்தச் சாக்கும் போச்சு.

2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டில் இருந்து அதில் இருப்பது எங்கள் செஞ்சி மட்டும். ரொம்பப் பெருமைதான், ஊரே கொண்டாடியது. கல்லுக்கு இனி ஆள் இருக்கிறார்கள். நடுவில் நிறுத்தி "நீயா இருந்தா?" என்று கேட்கிற ஆயாக்களுக்கு யார் இருக்கிறார்கள்?

தேசிங்கு கதையை ஆர்பிஜியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். கப்பம் கட்டிவிடு என்று ஓர் ஆப்ஷன் கட்டாயம் வைக்க வேண்டும். அதைத் தேர்ந்தெடுத்தால் தேசிங்கு பிழைத்துக்கொள்வான். வயதாகி, பிள்ளை குட்டி பெற்று, நிம்மதியாகச் சாவான். அவனைப் பற்றி எவரும் பாட மாட்டார்கள், அவ்வளவுதான். அந்த வரியைப் பார்த்தும் ஒருவன் கை மற்ற வரிக்குப் போனால், அப்போதுதான் அந்த 22 வயதுப் பையன் ஏன் குதிரை ஏறினான் என்று அவனுக்குப் புரியும். எனக்கும் கிட்டத்தட்ட அதே வயது. நான் எதைத் தேர்ந்தெடுப்பேன் என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் தமிழில் கேட்டால் படிக்காமல் தட்ட மாட்டேன் என்பது மட்டும் நிச்சயம்.

டிஸ்கி: கல்யாணப் பந்தல் காட்சி மட்டும் கோடோவில் போட்டிருக்கிறேன். ஆயா கேட்கிற கேள்வி அப்படியே இருக்கிறது, "கொ" உடையவில்லை. கிராபிக்ஸ் எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள். குதிரை வரைந்தேன், நாய் மாதிரி வந்திருக்கிறது :-)